மே மாத வெயிலும் யன்னலோரக் கறிவேப்பிலையும்

விக்ரோரியா தின விடுமுறை வந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் வீடுகளில் கறிவேப்பிலைச் சட்டிகள் வெளியே வரத் தொடங்கும். ஒக்ரோபரில் உள்ளே போனவை அவை. ஏழு மாதம் வரவேற்பறை யன்னலடியிலோ அடுக்களை மூலையிலோ நின்று, சொதிக்கும் சாம்பாருக்கும் இரண்டு மூன்று ஈர்க்குக் கொடுத்துப் பனிக்காலத்தைத் தாண்டியவை. அன்றைக்கு வெயில் நன்றாக எறித்தால், இரண்டு பேர் சேர்ந்து சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், பின்வளவில் அதிகம் வெயில் விழும் இடமாகப் பார்த்து வைப்பார்கள். மூன்றாம் நாள் இலை வெளிறும். ஒரு கிழமைக்குள் பாதி கொட்டிவிடும்.

“குளிர் பிடிச்சிட்டுது” என்பார் ஒருவர். “தண்ணி காணாது” என்பார் இன்னொருவர். “பசளை போடவேணும்” என்பார் மூன்றாமவர். பெரும்பாலும் மூன்றுமே தவறு. அந்த இலையை நோயோ பூச்சியோ கொல்லவில்லை. வெயிலில் உணவு ஆக்கும்போது இலைக்குள்ளேயே உண்டாகும் நஞ்சு கொன்றது. எல்லாப் பச்சை இலைகளிலும் அந்த நஞ்சு நாள்தோறும் உண்டாகிறது, நாள்தோறும் முறிக்கவும்படுகிறது. ஆனால் முறிக்கும் ஏற்பாட்டை ஒவ்வோர் இலையும் தான் வளர்ந்த வெளிச்சத்துக்கு அளவாகவே கட்டி வைத்திருக்கும். யன்னலோரத்தில் வளர்ந்த இலையிடம் யன்னலோரத்துக்குப் போதுமான அளவுதான் இருக்கும். அதை ஒரே பகலில் திறந்த வெயிலில் நிறுத்துவது ஆபத்து. எச்சரிக்கை இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாவிட்டால், இலை வெளிறியதும் நாம் செய்யும் வைத்தியமே செடியை முடித்துவிடும்.

வீட்டுக்குள் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதை நம்ப முடியாது. கண்மணி விரிந்தும் சுருங்கியும் உள்ளையும் வெளியையும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டிவிடுகிறது. அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். மே மாத நண்பகலில் திறந்த வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ். யன்னலோரத்தில், நேரே வெயில் விழும் சிறிது நேரத்தை விட்டால், சில ஆயிரம் லக்ஸ்தான். நாலைந்து அடி உள்ளே தள்ளி வைத்தால் சில நூறாகக் குறைந்துவிடும். டிசெம்பர் 21இல் ரொறன்ரோவின் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் ஏறாது. மே கடைசியிலோ பகல் 15 மணி நேரம், சூரியன் 67 பாகை உயரத்தில். நம்மூரில் வருடம் முழுவதும் மெல்ல மெல்ல ஏறி இறங்கும் வெயிலுக்குப் பழகிய ஒரு மரத்தை, சில நூறு லக்ஸிலிருந்து இலட்சத்துக்கு ஒரே காலையில் தூக்கி வைக்கிறோம்.

புறஊதாக் கதிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் உடலைச் சுடும் ‘பி’ வகைப் புறஊதாவைச் சாதாரண யன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. வெளியே வளரும் இலை அந்தக் கதிரை உணர்ந்து, தன் மேற்றோலில் பிளேவனொயிட்டு என்ற சாயங்களைச் சேர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைக்கு அந்தத் தேவையே வந்திருக்காது. இன்று உலகம் முழுவதும் வானிலை அறிக்கையில் வரும் புறஊதாச் சுட்டெண் இந்த நகரத்தில் பிறந்தது. டவுன்ஸ்வியூவிலிருந்த கனடா சுற்றாடல் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் கெர், மக்எல்றோய், வார்டில் ஆகியோர் உருவாக்கிய அந்த எண்ணை 1992இல் கனடாதான் முதன்முதலில் நாடளாவிய முன்னறிவிப்பாக வெளியிட்டது. மனிதத் தோலை நினைத்துச் செய்த எண்தான் அது. ஆனால் சட்டியை வெளியே வைக்கும் நாளைத் தெரிவு செய்யவும் உதவும். சுட்டெண் 7, 8 என்று அறிவிக்கும் நாள் யன்னலோர இலைக்குரிய நாள் அல்ல.

இலைக்குள் நடப்பது இதுதான். பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியால் தண்ணீர் உடைந்து ஒட்சிசன் வெளியேறுகிறது. தண்ணீரிலிருந்து உருவிய இலத்திரன்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறிப் போய், காபனீரொட்சைட்டைச் சீனியாக்கும் வேலைக்குச் செலவாகின்றன. பிடிக்கும் வேகமும் செலவாகும் வேகமும் ஒத்துப்போகும் வரை தொல்லை இல்லை. ஒளி மிதமிஞ்சினால் சீனி ஆக்கும் நொதியங்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. போக்கிடம் இல்லாத சக்தி பக்கத்தில் நிற்கும் ஒட்சிசனில் பாய்கிறது. அங்கே ஒட்சிசனுக்குப் பஞ்சமும் இல்லை. அதை உற்பத்தி செய்யும் இடமே அதுதான்.

அப்படிப் பாய்வதால் இரண்டு வகையான நஞ்சு பிறக்கிறது. கிளர்ந்த நிலையில் உள்ள பச்சையம் தன் சக்தியை நேரே ஒட்சிசனுக்குக் கொடுத்தால், ஒற்றைநிலை ஒட்சிசன் என்ற வீரியம் மிகுந்த வடிவம் உண்டாகும். பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாமல், பக்கத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்துவிடும். இலத்திரன் வரிசையின் கடைசியில் ஓர் இலத்திரன் தவறி ஒட்சிசனில் ஏறினால் சுப்பரொட்சைட்டு வரும். அது ஐதரசன் பேரொட்சைட்டாக மாறும். புண் கழுவவும் தலைமயிரை வெளிறச் செய்யவும் மருந்துக்கடையில் வாங்கும் அதே பொருள்தான். பேரொட்சைட்டு இரும்பைச் சந்தித்தால் ஐதரொட்சில் என்ற மூலிகம் கிளம்பும். அதை முறிக்க எந்த உயிரிடமும் நொதியம் கிடையாது. அது உண்டாகாமல் தடுப்பது மட்டுமே வழி.

எவ்வளவு பேரொட்சைட்டு இருந்தால் கேடு? ஒரு லீற்றர் தண்ணீரில் மூன்றில் ஒரு மில்லிகிராம் அளவு இருந்தாலே, பிரித்தெடுத்த பச்சையவுருமணிகளில் காபனீரொட்சைட்டுப் பிடிப்பு பாதியாகிவிடும் என்று 1976இலேயே காட்டினார்கள். வெயிலில் வேலை செய்யும் ஓர் இலையில் அந்த அளவு சேரச் சில நொடிகள் கூட ஆகாது. அப்படியிருந்தும் இலை உயிரோடு நிற்பது முறிப்பின் வேகத்தால்.

அந்த முறிப்பின் பாதையைக் கண்டவர்கள் பிரித்தானியாவின் கிறிஸ்ரின் ஃபோயரும் பாரி ஹலிவெல்லும், யப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் கோசி அசாதாவும். 1976 தொடங்கி அவர்களுடைய வேலையால் தெளிவான அந்தச் சுற்று இன்று மூவர் பெயராலும் வழங்குகிறது. சுப்பரொட்சைட்டை ஒரு நொதியம் பேரொட்சைட்டாக்கும். இன்னொரு நொதியம் அஸ்கோபிக் அமிலத்தைக் கொண்டு அந்தப் பேரொட்சைட்டைத் தண்ணீராக்கும். அஸ்கோபிக் அமிலம் என்பது விற்றமின் சி. அதில் செலவழிந்த விற்றமினைக் குளூட்டாதையோன் மீட்டுக் கொடுக்கும். குளூட்டாதையோனை மீட்கும் இலத்திரனும் அதே ஒளியிலிருந்துதான் வருகிறது. கொழுப்புப் படலத்துக்குள் விற்றமின் ஈ காவல் நிற்கிறது; பச்சையத்தை ஒட்டி நின்று ஒற்றைநிலை ஒட்சிசனை அணைப்பது கரோட்டின். முருங்கைக் கீரையிலும் அகத்தியிலும் நாம் சத்து என்று தேடிச் சாப்பிடுபவற்றுள் பல, அந்த இலை தனக்காகச் சேர்த்து வைத்த நஞ்சுமுறிப்பான்கள். நல்ல வெயிலில் வளர்ந்த இலையில் அவை கூடுதல், நிழலில் வளர்ந்ததில் குறைவு.

நஞ்சு உண்டான பிறகு முறிப்பது ஒரு வேலை. உண்டாகாமல் தடுப்பது இன்னொன்று. வெளிச்சம் ஏறும்போது வயலோசாந்தின் என்ற மஞ்சட் சாயம் சில நிமிடங்களில் சியாசாந்தின் என்ற இன்னொரு சாயமாக மாறி, மிஞ்சிய ஒளிச்சக்தியை வெப்பமாக வெளியேற்ற உதவுகிறது. வெள்ளம் வரும்போது குளத்து வான்கதவைத் திறந்துவிடுவது போன்ற வேலை அது. இந்தத் தொடர்பை 1987இல் ஜேர்மனியில் பார்பரா டெம்மிக்கும் கூட்டாளிகளும் எடுத்துக் காட்டினார்கள். நிழலில் வளர்ந்த இலையிடமும் இந்தச் சாயம் உண்டு, ஆனால் மொத்தக் கையிருப்பு சிறியது. அது பெருக நாட்கள் எடுக்கும்.

இவ்வளவும் இருந்தும் சேதம் நடக்கத்தான் செய்யும். தண்ணீரை உடைக்கும் இடத்தில் டி1 என்ற புரதம் இருக்கிறது. நல்ல வெயிலிலும் அது ஓயாமல் உடைந்துகொண்டே இருக்க, இலையும் உடைந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொண்டே இருக்கும். உடைவது பழுதுபார்ப்பை முந்தினால் இலை வெளிறத் தொடங்குகிறது. பச்சையமே சிதைகிறது. வெளியே வைத்த மூன்றாம் நாள் நாம் காணும் வெள்ளை அது.

முறிப்பு தோற்றால் எவ்வளவு வேகமாகக் கேடு வரும் என்பதற்கு இலங்கைத் தமிழருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாட்சி உண்டு. தோட்டங்களிலும் வயல்களிலும் புல்லுக்கு அடித்த பரகுவாட் என்ற களைகொல்லி. 1962இல் பிரித்தானியாவின் ஐசிஐ நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த மருந்து இலத்திரன் வரிசையின் கடைசியில் நின்று ஒவ்வொரு இலத்திரனையும் பறித்து ஒட்சிசனுக்குக் கொடுக்கும். கொடுத்த கையோடு அடுத்ததுக்குத் திரும்பி வரும். ஒரே மூலக்கூறு ஆயிரக்கணக்கான தடவை அதைச் செய்யும். விற்றமின் சியும் குளூட்டாதையோனும் தீர்ந்துபோகும். காலையில் அடித்தால் பின்னேரத்துக்குள் புல் கருகிவிடுவது அதனால்தான். இருட்டில் வைத்த செடியில் அது அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மனித நுரையீரலிலும் இதே தாக்கம் நடக்கிறது, மாற்று மருந்து இல்லை. இலங்கை 2008இலிருந்து 2011க்குள் படிப்படியாக அதைத் தடைசெய்தது. பூச்சிமருந்து, களைமருந்து நஞ்சால் நேரும் சாவுகள் அந்நாட்டில் அதன்பின் மேலும் குறைந்தன. ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டு வளவுகளில் அழகுக்காகப் பூச்சிமருந்தும் களைமருந்தும் அடிப்பதற்கே தடை இருக்கிறது. ஊரிலிருந்து வருபவர்களிடம் எந்தப் போத்தலையும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

மே மாதத்து ரொறன்ரோவில் வெயிலோடு குளிரும் சேர்ந்து வருவதால் ஆபத்து கூடுகிறது. பச்சையம் ஒளியைப் பிடிப்பதற்கு வெப்பநிலை ஒரு பொருட்டல்ல. 5 பாகையிலும் அது 25 பாகையில் பிடிப்பது போலவே பிடிக்கும். சீனி ஆக்கும் நொதியங்களோ குளிரில் மந்தமாகிவிடும். பழுதுபார்ப்பும் அப்படித்தான். ஆகவே குளிர்ந்த காலையில் மிதமான வெயிலே மிதமிஞ்சிய வெயிலாகிவிடுகிறது. வெப்பநாட்டுக் கொடிகளில் இது மிகக் கடுமை. யப்பானில் தெராஷிமா, சோனொய்க்கே முதலியோர் 1994இல் வெள்ளரி இலைகளை 4 பாகைக் குளிரில், முழு வெயிலில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். அடிபட்டது வழக்கமாக உடையும் டி1 இருக்கும் இடம் அல்ல, இலத்திரன் வரிசையின் கடைசியிலுள்ள இடம். டி1 போல அதை விரைவில் பழுதுபார்க்க முடியாது, மீள நாட்கணக்காகும்.

பாகல், புடோல், பீர்க்கு எல்லாம் வெள்ளரியின் உறவு. கீழ்த்தளத்தில் விளக்கொளியில் மார்ச் மாதமே முளைக்க வைத்த கத்தரி, மிளகாய்க் கன்றுகளும் குளிர் தாங்காதவையே. முகிலில்லாத இரவுதான் மிகவும் குளிர்வது. அடுத்த காலை பளிச்சென்று விடிவதும் அந்த இரவுக்குத்தான். ஒரு செடிக்கு மிக மோசமான சேர்க்கை அது. மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். பகலில் ஏரிக் காற்று கரைக்கு ஏறும்போது, ஏரிக்கரையிலுள்ள ஸ்காபரோ புளஃப்ஸ் பக்கத்து வீட்டுவளவு மார்க்கத்தைவிடப் பல பாகை குளிர்ந்திருப்பது வழக்கம். மார்க்கத்தில் இருக்கும் தங்கை கன்று நட்டுவிட்டாள் என்பதற்காக ஏரிக்கரையில் இருக்கும் அக்காவும் நட வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே காட்டினால் சட்டி உள்ளே வரட்டும். தூக்க முடியாத சட்டியென்றால், விடிந்தபின் காற்று சூடேறும் வரை ஒரு வெள்ளைத் துணியால் நிழல் கொடுங்கள்.

வெளிறலை அடையாளம் காண்பது கடினமில்லை. செடியின் மேற்புறத்தில், வெயிலை நேரே பார்த்து நிற்கும் இலைகளில் மட்டும் அது இருக்கும். கறிவேப்பிலை ஈர்க்கில் ஓர் இலை இன்னொன்றின் மேல் படிந்து நின்றிருந்தால், மேலதைத் தூக்கிப் பாருங்கள். கீழிலையில் மூடியிருந்த பகுதி பச்சையாகவும் மூடாத பகுதி வெள்ளையாகவும், மேலிலையின் ஓரம் கோடாகப் பதிந்திருக்கும். எந்தப் பூஞ்சையும் இப்படி நிழலின் எல்லையில் நிற்காது. நரம்பையொட்டிப் பச்சை கொஞ்சம் மிஞ்சி, நரம்புகளுக்கு இடையில் காகிதம் போல உலர்ந்த வெண்திட்டு விழும். செடியை நிழலுக்கு மாற்றியபின் அது பரவாது. தண்ணீர்க் குறையென்றால் இலை முழுவதும் தொய்யும். இரும்புச் சத்துக் குறையென்றால் நிழலில் நிற்கும் இளந்தளிரிலும் மஞ்சள் தெரியும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. வெளிறிய இலையைக் கண்டதும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பாதி இலை இழந்த செடியால் அந்தத் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மண் குளிர்ந்து நனைந்தே கிடக்க, வேர் அழுகும். பசளை போடுகிறார்கள். அதைப் பயன்படுத்த இலை இல்லாததால் உப்பு வேரடியில் தேங்கும். புளித்த மோர் ஊற்றுவதும் இப்போது உதவாது. வெளிறிய இலைகளை எல்லாம் கத்தரித்து எறிகிறார்கள். பாதி பச்சையாக உள்ள இலை இன்னும் உணவு ஆக்கும், கீழே நிற்கும் இலைகளுக்கு நிழலும் கொடுக்கும். செய்ய வேண்டியது சட்டியை வெளிச்சமான நிழலுக்கு மாற்றுவதும், மேல்மண் ஓரங்குலம் காய்ந்தபின் தண்ணீர் விடுவதும் மட்டும். முழுதாக வெளுத்த இலை தானாக விழும்.

சரியாகப் பழக்குவதற்கு 10 முதல் 14 நாள் ஒதுக்க வேண்டும். மழைக்கோலமோ முகிலோ உள்ள நாளில் தொடங்குங்கள். முதல் நாலைந்து நாள் வீட்டின் வடக்குப் புறத்தில், அல்லது டெக்கின் கீழே, நேர் வெயில் ஒரு துளியும் படாமல். வெளி நிழலே யன்னலோரத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் என்பதை மறக்கக் கூடாது. பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நண்பகல் வெயில் கடைசிக் கட்டத்துக்கு. இந்த நாட்களில் இலை சாயத்தையும் விற்றமின் சியையும் முறிப்பு நொதியங்களையும் பெருக்கிக்கொள்ளும். ஆனாலும் நிழலில் விரிந்த இலையின் மெல்லிய உடலமைப்பு மாறாது. வெளியே வந்தபின் விரியும் புதுத் தளிர்தான் தடித்து, வெயிலுக்கென்றே கட்டப்பட்டதாக வரும். அந்தத் தளிர் விரியும் வரை பழைய இலைகளைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அடுக்குமாடியில் தெற்கோ மேற்கோ பார்த்த பல்கனி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியும் தரைக் கொங்கிறீட்டும் வெயிலைத் திருப்பி அடிக்கும்.

கடையில் வாங்கும் கன்றுகளுக்கும் இதே விதி. மே மாதத்தில் தமிழ்க் கடை வாசலில் வரிசையாக வைத்திருக்கும் சட்டிகளில் பல, பசுமைக்குடிலிலிருந்து வந்து இரண்டு நாள்கூட ஆகாதவை. “வெளியில எவ்வளவு நாளா நிக்குது, அண்ணை?” என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

யூலை வெயில் வந்தபின் வேறொரு நஞ்சு முன்னுக்கு வருகிறது. காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியம் ஒட்சிசனையும் தவறிப் பிடிக்கும். மூன்று நான்கு தடவை சரியாகப் பிடித்தால் ஒரு தடவை தவறும். வெப்பம் கூடினால், தண்ணீர் காணாமல் இலைவாய் மூடினால், தவறும் விகிதம் இன்னும் ஏறும். தவறிப் பிடிக்கும்போது பொஸ்போகிளைக்கோலேற்று என்ற பொருள் மிஞ்சுகிறது. அது சீனி ஆக்கும் நொதியங்களையே முடக்கும். அதை முறிக்க இலை மூன்று உறுப்புகளைக் கடந்த நீண்ட பாதையொன்றை வைத்திருக்கிறது: பச்சையவுருமணி, பெரொக்சிசோம், இழைமணி. வழியில் மறுபடியும் பேரொட்சைட்டு உண்டாக, கற்றலேசு என்ற நொதியம் அதை உடைக்கிறது. பாதையின் முதல் படி இல்லாத ஒரு செடியைக் கனடியரான கிறிஸ் சோமர்வில்லும் வில்லியம் ஓக்ரனும் 1979இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். 1 சதவீதம் காபனீரொட்சைட்டு உள்ள காற்றில் அது நன்றாக வளர்ந்தது. சாதாரணக் காற்றில் அதனால் வாழ முடியவில்லை. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் கற்றலேசு குறைந்த பார்லியிலும் அதையே பார்த்தார்கள்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரோவன் சேஜ் பல பத்தாண்டுகளாக ஆராய்வது இந்தத் தவறைத் தவிர்க்கக் கற்றுக்கொண்ட செடிகளை. காபனீரொட்சைட்டை ரூபிஸ்கோவின் அருகே செறிவாக்கும் அந்த வழிமுறை, செடிகளின் வரலாற்றில் 60க்கும் மேற்பட்ட தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பது அவரும் கூட்டாளிகளும் எடுத்த கணக்கு. சோளம், கரும்பு அந்த வகை. நம் தண்டுக்கீரையும் அதுதான். யூலை வெக்கையில் தக்காளி சோர்ந்து நிற்க, தண்டுக்கீரை தளதளவென்று எழும்புவதற்கு இது முக்கிய காரணம். கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் அந்த வசதி இல்லை. 33, 34 பாகை அடிக்கும் நாட்களில் அவற்றுக்கு வேரடியில் ஈரம் இருக்க வேண்டும், காலையிலேயே. இலைவாய் திறந்திருந்தால்தான் தவறு குறையும்.

வெக்கை நாட்களில் ஓசோனும் சேர்கிறது. வாகனப் புகையும் தெற்கிலிருந்து காற்றோடு வரும் புகையும் வெயிலில் வெந்து தரையோரம் உண்டாகும் ஓசோன் இது. இலைவாய் வழியே உள்ளே போய்க் கலச் சுவரின் ஈரத்தில் கரையும். அங்கே அதை முதலில் எதிர்கொள்வது மறுபடியும் விற்றமின் சிதான். வெயிலுக்கு என்று வைத்திருந்த கையிருப்பை ஓசோனுக்கும் செலவழிக்க வேண்டிவருகிறது. தெற்கு ஒன்ராறியோவின் கமக்காரர்கள் இந்தச் சேதத்தைக் காரணம் தெரியுமுன்பே கண்டிருந்தார்கள். ஈரி ஏரிக்கரையின் புகையிலை இலைகளில் 1950களில் புள்ளிகள் விழுந்தன. 1960களில் வெள்ளை அவரை இலைகள் வெண்கல நிறமாகி முன்கூட்டியே கொட்டின. 1968இல் வீவரும் ஜாக்சனும் அந்த வெண்கல நிறத்தை ஓசோனோடு பொருத்திக் காட்டினார்கள். 2005இல் ஒன்ராறியோவில் 53 நாட்கள் புகைமூட்ட எச்சரிக்கை இருந்தது. 2014இல் மாகாணம் நிலக்கரி மின்நிலையங்களை முற்றாக மூடியபின் அப்படிப்பட்ட கோடை வரவில்லை என்றாலும், வெக்கை நாட்களில் ஓசோன் இன்றும் ஏறுகிறது. 2023 யூன் கடைசியில் காட்டுத்தீப் புகை நகரத்தை மூடியதைப் பார்த்தோம். அந்தப் புகையிலும் ஓசோனாக மாறும் வாயுக்கள் உண்டு. உங்கள் பயிற்றங்கொடியின் முதிர்ந்த இலைகளில், மேற்பக்கத்தில் மட்டும், நரம்புகளுக்கு இடையில் ஊசி முனையளவு கபிலப் புள்ளிகள் விழுந்து, அடியில் பேனோ சிலந்தியோ இல்லையென்றால், ஓசோனைச் சந்தேகிக்கலாம். மருந்து அடிப்பதால் பயனில்லை. அந்தப் புள்ளிகளைக் காணும் நாளில், அதே காற்றை மூச்சாக இழுக்கும் ஆஸ்துமாக்காரப் பிள்ளையையும் வயதான அம்மாவையும் பின்னேரத்தில் வெளியே விடாமல் இருப்பது நல்லது.

செப்ரெம்பர் நடுவில் கணக்கு தலைகீழாகிறது. இந்த ஊர் மரங்கள் தங்கள் பச்சையத்தை ஒழுங்காகக் கழற்றத் தொடங்கும். கட்டவிழ்ந்த பச்சையம் ஒளியில் தானே நஞ்சாகும் என்பதால், அதைத் தீங்கற்ற, நிறமற்ற பொருளாக்கும் வரை மரம் விடாது. அந்தப் பொருளின் அமைப்பை 1991இல் பெர்ன்ஹார்ட் கிறொய்ட்லரும் பிலிப் மாற்றிலும் துலக்கினார்கள். மேப்பிள் இலையின் சிவப்பும், கழற்றும் நாட்களில் வெயிலை வடிகட்டும் திரை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கறிவேப்பிலைக்கு இந்த ஒத்திகை இல்லை. உறைபனி ஓர் இரவு தொட்டால், எதையும் கழற்ற நேரமில்லாமல் கலங்கள் வெடித்து இலை கறுத்துப்போகும். ஆகவே இரவு 10 பாகையைத் தொடுமுன் சட்டி உள்ளே வர வேண்டும். மே மாதம் போலவே, பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு.

உள்ளே வந்தபின் இலை கொட்டும். வெயிலுக்குக் கட்டிய தடித்த இலையைச் சில நூறு லக்ஸில் வைத்துப் பராமரிக்கச் செடிக்குக் கட்டுபடியாகாது. இது நஞ்சு அல்ல, பயப்பட ஒன்றுமில்லை. இப்போதும் பசளை வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள். மொட்டையாக நிற்கும் கொம்பைச் செத்ததென்று எறியுமுன் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் யன்னலோரத்தில் விட்டுவிட்டு, பெப்ரவரிக் கடைசி வரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.